காலியிடத்தில் நின்ற புளியமரம்

காலை பதினொன்று இருபது. மைசூரு மண்டி மொஹல்லாவில், படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை ஒன்றின் மாடி அறை. கதவைத் தள்ளியதும் நான் முதலில் பார்த்தது, கொடியில் துணி கிளிப் மாட்டிக் காயப் போட்டிருந்த மூன்று மைசூர் ராஜ்ஜியங்களை.

மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. ஒரே ஆறு, ஒரே மலைத்தொடர், ஒரே ஊர்கள். மூன்றின் அடியிலிருந்தும் பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்கக் காபி டிகாஷன் வாசனை. என் கையில், பழைய காட்டன் புடவையில் சுற்றிய நான்காவது ராஜ்ஜியம் இருந்தது.

போன வருஷம் நடந்த விஷயம் இது. கோவையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பல காலம் வேலை பார்த்தவள் நான். அடுத்தவர் எழுதி வந்ததில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கணவருக்கு மைசூருக்கு மாற்றலானதும் வேலையை விட்டேன். வெகுநாள் ஆசைப்படி சரித்திர நாவல் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தூண்டியதே என் கையிலிருந்த அந்தப் படம்தான்.

இங்குள்ள ஒரு பழம்பொருள் கடையில் அதை வாங்கினேன். மைசூர் ராஜ்ஜியத்தின் பழைய வரைபடம். அந்தக் காலத்து வரைபடக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது, தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே தைரியத்தோடு வரைந்துவிடுவது. மலைகள் கம்பளிப்பூச்சிகளாக வரிசையில் ஊர்ந்தன. காவிரி தேவைக்கு மேல் நாலைந்து வளைவு வளைந்தது. சாமுண்டி மலை கவிழ்த்து வைத்த கிண்ணம். ஓரிடத்தில் ‘இங்கே நல்ல தண்ணீர்’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. இன்னோரிடத்தில் ‘வண்டி போகாது’. யாரோ ஒரு மனிதன் வெயிலில் நடந்து வந்து, அந்த இடத்தில் குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுதிய வரி அது என்று நினைத்தாலே எனக்கு ஒரு அத்தியாயம் ஓடும்.

கொள்ளேகாலத்துக்குக் கிழக்கே, படத்தின் வலது ஓரத்தில், ஊர்களே இல்லாத காடு. அங்கே, பார்க்கப் பூனை முகத்தோடு ஒரு புலி உட்கார்ந்திருந்தது. புலியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு மரம். மரத்தடியில் ஆங்கில எழுத்தில் ஓர் ஊர்ப் பெயர்: ஒத்தப்புளி. பக்கத்து ஊர்களெல்லாம் வெறும் புள்ளிகளாக இருக்க, இந்த ஊருக்கு மட்டும் இவ்வளவு பெரிய மரம் எதற்கு?

தேடினேன். நூலகத்தில் பழைய வரைபடங்களின் அச்சுப் பிரதிகளைப் புரட்டினேன். என் படத்திலிருந்த மற்ற ஊர்கள் எல்லாம் அவற்றிலும் அதே இடத்தில், அதே எழுத்தில் இருந்தன. ஒத்தப்புளி எதிலும் இல்லை. ஃபோன் வரைபடத்திலும் இல்லை. மற்ற ஊர்களெல்லாம் சரியாக இருந்ததால் என் படம் நம்பத் தகுந்தது என்றும், அதில் மட்டும் இருக்கும் ஊர் பிறகு அழிந்துபோனது என்றும் முடிவு கட்டினேன். பேர் காணாமல் போன இடத்தில் செய்தி இருக்கும் என்று நினைப்பது பத்திரிகைக்காரர்களின் பழக்கம்.

அப்படித்தான் என் நாவல் பிறந்தது. போர்க்காலம். படைக்குத் தானியம் கொண்டு போகும் பொதிமாட்டுக்காரர்கள், பஞ்சத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் மூட்டைகளை ஒத்தப்புளியில் இறக்கி ஒளித்துவிடுகிறார்கள். மேற்கே இருக்கும் அடுத்த ஊர்க்காரர்கள் காட்டிக் கொடுக்கிறார்கள். படை வந்து ஊருக்குத் தீ வைக்கிறது. ஒரு பெண் மட்டும் தப்பிக் காட்டுக்குள் ஓடுகிறாள். புலிக்கென்று தனி அத்தியாயம் உண்டு.

காட்டிக் கொடுத்த ஊர் என் கற்பனை இல்லை. படத்தில் ஒத்தப்புளிக்கு மேற்கே இருந்த ஊர். இன்றும் இருக்கிற ஊர். அதன் பெயரையே நாவலில் வைத்திருந்தேன். முன்னுரையில் இன்னும் ஒரு படி மேலே போய், இந்த ஊர் எரிந்ததற்கு என்னிடம் வரைபடச் சான்று இருக்கிறது என்று எழுதியிருந்தேன். சென்னைப் பதிப்பாளருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ‘வரைபடத்திலிருந்து துடைக்கப்பட்ட ஊரின் உண்மைக் கதை’ என்று அட்டையில் போட முடிவு செய்தார். முன்னுரையைத் தனிக் கட்டுரையாக வெளியிட ஒரு வார இதழும் சம்மதித்திருந்தது.

அத்தனை நூலகம் ஏறிய நான், அங்கே ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்கவில்லை. அழிந்துபோன ஊருக்கு எந்த பஸ்ஸில் போவது?

அட்டைக்குப் படம் எடுக்கும்போது கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறித்தது. கண்ணாடியைக் கழற்ற வேண்டும். பழம்பொருள் கடைக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். ஃபிரேமின் பின்னால் மண்டி மொஹல்லா கடை ஒன்றின் ஸ்டிக்கர் இருந்தது. அப்படித்தான், இறைச்சிக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவிலிருந்த அந்தச் சந்துக்குள் போனேன். கீழே ஆணி அடித்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே “மேலே ஹோகி மேடம்” என்று கன்னடத்தில் மாடியைக் காட்டினார்.

மாடியில் இருந்தது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை. விரல் நுனிகளெல்லாம் பழுப்பு. நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன். ஒரே வாக்கியத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

“தமிழா அக்கா? தமிழ்லயே பேசுங்க. உங்க கன்னடம் ஸ்வல்ப கஷ்டமா இருக்குது.”

அவர் சொந்த ஊர் ஹனூர் பக்கம். கணவருக்கு நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. கொடியில் காய்வது ஒரு ரிசார்ட்டுக்கு, ரூமுக்கு ஒன்றாக மாட்ட என்றார். பழைய வரைபடத்தின் பிரதியைத் தடித்த தாளில் அச்சடித்து வாங்கி, டிகாஷனில் நனைத்துக் காய வைத்து, மலைக்கும் ஆற்றுக்கும் கையால் வர்ணம் தீட்டி, ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகக் கருக்கிக் கொடுப்பது அவர் வேலை.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. புடவையைப் பிரித்து, “இதோட ஒரிஜினல் எங்கிட்ட இருக்கு. பாக்கிறீங்களா?” என்றேன்.

பார்த்தார். படத்தின் கண்ணாடியைச் சட்டை முனையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “எங்க வாங்கினீங்க?” என்று கேட்டார். கடையைச் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் திருப்புளி எடுத்துப் பின்பக்க ஆணிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நான் கதையைச் சொன்னேன். எழுதி முடித்த புதிது. யார் கிடைத்தாலும் சொல்லிவிடுகிற பருவம். பொதிமாடுகள், ஒளித்த மூட்டை, காட்டிக் கொடுத்த ஊரின் பெயர், தீ, முன்னுரையில் எழுதிய வரைபடச் சான்று. அவர் கை ஒரு இடத்தில் நின்றது.

“எந்த ஊரு அக்கா? மறுபடி சொல்லுங்க.”

“ஒத்தப்புளி.”

“மொத்த ஊருமா எரிஞ்சுது?”

“மொத்தமும். ஒரு பொண்ணு மட்டும் தப்பிச்சா.”

“ஆடு மாடெல்லாம்?”

“அதுவும்தான்.”

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். எழுந்துபோய் மாடிப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்புக்கும் பயத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. அந்த ஊர்ல எங்கம்மா இருக்குது. ஆட்டுக்குட்டி ஒண்ணக் காணோம்னு காலைலதான் போன் பண்ணுச்சு.”

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் கொடியிலிருந்த படங்களில் ஒன்றை இழுத்துக் காட்டினார். அதில் புலி இருந்தது. மரம் இருந்தது. ஒத்தப்புளி இருந்தது. மூலப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றைச் சுவரோரக் கட்டிலிருந்து உருவி, பக்கத்தில் பிடித்தார். அதில் அந்த இடம் வெறும் வெள்ளை.

“முதல் தடவை வாங்க வந்த ஓட்டல் மேனேஜர், இந்த மூலை காலியா கிடக்குது, சோபா பக்கமா வரும், எதாச்சும் போடுன்னாருங்க. புலி போட்டேன். எம் பையன் மூணாங்கிளாஸ் புஸ்தகத்துல இருந்துச்சு, அதப் பாத்து.” என்னைப் பார்த்து நிறுத்தினார். “புலியும் கதைல வருதா?”

“ஒரு அத்தியாயம் முழுக்க” என்றேன்.

“அய்யோ.” வாயைப் பொத்திக்கொண்டார். “அப்புறமும் காலியா இருக்குதுன்னாரு. சரி, அங்க நெசமா என்ன இருக்குது, எங்க ஊருதான இருக்குது, போட்டா என்ன தப்புன்னு மரத்தையும் போட்டுப் பேரையும் எழுதிட்டேன். எழுத்து மட்டும் பழசு மாதிரி வரோணும்னு நாலு நாள் எழுதிப் பழகினேனுங்க.”

செய்தி அறையில் ஒரு விதி உண்டு. ஒருவர் சொன்னால் அது தகவல். சரி பார்த்தால்தான் செய்தி. தலை சுற்றுகிற நேரத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை. உங்கள் அம்மாவோடு பேச முடியுமா என்று கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு காற்றுச் சத்தத்துக்கு நடுவே ஒரு உரத்த குரல்.

“குட்டி இன்னும் கெடைக்கல. அப்புறம் பேசு!”

“இரும்மா. இங்க ஒரு அக்கா கேக்குறாங்க. நம்மூரு எப்ப இருந்து இருக்குது?”

“யாரு? பொண்ணு கேட்டு வந்திருக்கறாங்களா?”

“இல்லம்மா, கத எழுதறவங்க.”

“உங்க தாத்தன் கெணறு வெட்டித் தண்ணி வந்தப்பறந்தான் ஊரு. அதுக்கு முன்னால இங்க என்ன இருந்துச்சு? கல்லுதான் இருந்துச்சு.” காற்று இரைந்தது. “கத எழுதற அக்காகிட்டச் சொல்லு, பஸ் உட ஏற்பாடு பண்ணச் சொல்லி. ரெண்டு மைலு நடந்து சாகறோம்.”

அத்தோடு இணைப்பு போய்விட்டது. பத்துப் பதினைந்து வீடு, பெரிய ஊர் ஒன்றின் கணக்கில் சேர்ந்துகிடக்கிறது, ரேஷன் கார்டில்கூடப் பெரிய ஊரின் பேர்தான் என்று அவர் விளக்கினார். அதனால்தான் ஃபோன் வரைபடத்திலும் எனக்கு அது சிக்கவில்லை. என் நாவலில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் எரிந்த ஊர், உண்மையில் அவருடைய தாத்தா காலத்தில் பிறந்த ஊர்.

நான் அவரைக் கேட்டேன்: “பேசாம கண்ணாடியக் கழட்டிக் குடுத்திருக்கலாமே. ஏன் சொன்னீங்க?”

சும்மா கேட்கவில்லை. அந்தப் பழம்பொருள் கடைக்காரர்தான் அவருக்கு மாதா மாதம் வேலை கொடுப்பவர் என்று பேச்சிலேயே தெரிந்திருந்தது. கடைக்காரர் விற்ற படம் நகல் என்று அவரிடம் வேலை செய்பவரே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார் என்றால் அடுத்த மாதம் இந்தக் கொடியில் காய எதுவும் இருக்காது. கதவை ஏன் சாத்தினார் என்பது எனக்குப் புரிந்திருந்தது.

அவர் மெழுகுவத்தி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னார். “ஊரு எரிஞ்சதுன்னு எழுதினாக்கூட சிரிச்சுட்டுப் போயிருவேனுங்க. பக்கத்தூருக்காரங்க காட்டிக் குடுத்தாங்கன்னு பேரோட எழுதியிருக்கீங்க. எங்கண்ணம் பொண்டாட்டி அந்த ஊரு. திருவிழாவுக்குத் தேர்வடம் நாங்க ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம் புடிக்கறது. பொஸ்தகத்துல போட்டிருக்குது, மேப்புல சாட்சி இருக்குதுன்னா நாளைக்கு எவனாவது குடிச்சுப்போட்டு அத எடுத்துட்டு வருவான். அந்த மேப்பு நாந்தான வரைஞ்சேன்?”

தப்பான பெயர் ஒன்று அச்சேறினால் என்னென்ன ஆகும் என்று பல வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஓர் ஊரையே அப்படி அச்சேற்றத் தயாராக இருந்திருக்கிறேன். பதிப்பாளரிடமிருந்து அச்சுக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய கடைசிப் படி வந்து என் மேசையில் கிடந்தது. நான் சரி சொல்ல வேண்டியது மறுநாள்.

கண்ணாடியைக் கழற்றாமலே படத்தை மறுபடி புடவையில் சுற்றினேன். கிளம்பும்போது அவர், “கடைக்காரர்கிட்ட…” என்று இழுத்தார். “நீங்க ஒண்ணும் சொல்லலை” என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் ஒரு முறை இருக்கிறது. ஒருவரிடம் கேட்டதை அவர் பெயர் வெளியே வராமல் பேச வேண்டுமானால், அதையே வேறு இடத்தில் நம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மத்தியானமே ஆட்டோ பிடித்து, கிளம்பும்போதே விலாசம் கேட்டு வைத்திருந்த, மேனேஜர் காலியிடம் பற்றிக் கவலைப்பட்ட அந்த ஓட்டலுக்குப் போய் ஒரு காபி சொல்லிவிட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தேன். சோபாவுக்கு மேலே, அதே ஃபிரேமில், அதே பூனை முகத்துப் புலி என்னைப் பார்த்தது. ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் ஊர் திரும்பியதும் அந்தப் படத்தைத்தான் காட்டினேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. ஓட்டல் சோபாவைத் திட்டினார். பிறகு, “மேடம், ஊரெல்லாம் பழைய ஊர்தானே, பேப்பர் புதுசா இருந்தா என்ன?” என்று சமாளித்துப் பார்த்தார். விற்கும்போது நகல் என்று சொல்லி விற்கும்படி கேட்டேன். இப்போது அவர் கடைச் சுவரில் அவற்றுக்குக் கீழே அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறது. மாடியில் கொடி காலியாகவில்லை. போய் வரும்போதெல்லாம் பார்க்கிறேன்.

பதிப்பாளரை, மாடிக்குப் போன அன்று மாலையே கூப்பிட்டேன். “கதைதானே மேடம், யார் கேக்கப்போறாங்க?” என்றார். கேட்கப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் ஆட்டுக்குட்டி தேடிக்கொண்டிருந்தார். முன்னுரையை எடுக்கச் சொன்னேன். வார இதழுக்கும் சொல்லிவிட்டேன். பதிப்பாளர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, புத்தகம் தள்ளிப் போகும் என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

நாவலைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு ஊர்களுக்கும் நானே பெயர் வைத்தேன். எரிந்ததும் காட்டிக் கொடுத்ததும் என் கற்பனை என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். ‘நல்ல தண்ணீர்’ அப்படியே இருக்கிறது. மூலப் பிரதியில் பார்த்துவிட்டேன், அது நிஜமாகவே அந்தக் காலத்து வரி. புலியையும் வைத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்புப் புத்தகத்துப் புலியாக இருந்தாலும் அது அந்த அத்தியாயத்தில் நன்றாகவே நடந்துகொள்கிறது.

புத்தகத்துக்குள் வைக்க ஒரு வரைபடம் வேண்டியிருந்தது. மண்டி மொஹல்லா மாடிக்கே போனேன். டிகாஷன் வேண்டாம், கருக்கவும் வேண்டாம், புதுப் படமாகவே இருக்கட்டும் என்றேன். மலைகளை அதே கம்பளிப்பூச்சி வரிசையில் வரைந்தார். வலது ஓரத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இந்த மூலைல எதாச்சும் போடணுமா அக்கா?”

“வேண்டாம். தெரியாத இடம்தானே, காலியாவே இருக்கட்டும்.”

“ஓட்டல்காரர் ஒத்துக்க மாட்டாரு” என்று சிரித்தார்.

நான் முதலில் வாங்கிய அந்த நகல் இன்னும் என் எழுத்து மேசைக்கு மேலேதான் இருக்கிறது. ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அந்தப் புளியமரத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நான் காலி என்று நினைத்துக் கதை கட்டுகிற இடத்தில் யாராவது குடியிருக்கலாம் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். தன் பிழைப்பைப் பணயம் வைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, முன்பின் தெரியாத என்னிடம் உண்மையைச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு நான் வேறு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆட்டுக்குட்டி, காணாமல் போன அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது. மேற்கே இருக்கும் அடுத்த ஊர்க்காரர் ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனாராம்.